பிரிஞ்சி இலை: சமையலிலும் வீட்டிலும் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மளிகைக் கடையில் "பிரியாணி சாமான்" என்று கேட்டால் சிறு பொட்டலம் ஒன்றைக் கொடுப்பார்கள். பட்டை, கிராம்பு, ஏலக்காய், அன்னாசிப்பூ, அவற்றோடு ஓரம் நொறுங்கிய இரண்டு இலைகள். மற்றவை எதற்கு என்று நமக்குத் தெரியும். இலையை மட்டும் ஏன் போடுகிறோம் என்று கேட்டால் பலருக்குப் பதில் இருக்காது. வழக்கமாகப் போடுகிறோம், சாப்பிடும்போது தட்டின் ஓரத்தில் ஒதுக்குகிறோம். சமையல் சொல்லிக்கொடுக்கும் இடங்களில் இந்த இலையைப் பற்றி என்னிடம் கேட்கப்பட்ட கேள்விகளை இங்கே ஒன்றுசேர்த்திருக்கிறேன். வீட்டு உபயோகம் பற்றிப் பரவும் குறிப்புகளில் எதை நம்பலாம், எதை விட்டுவிடலாம் என்பதையும் சொல்கிறேன்.

இந்த இலையைப் போட்டாலும் போடாவிட்டாலும் ருசியில் வித்தியாசமே தெரியவில்லை. உண்மையிலேயே இதனால் பயன் உண்டா?

உண்டு. ஆனால் பிரியாணியில் தேடினால் தெரியாது. அங்கே பட்டையும் கிராம்பும் புதினாவும் இஞ்சி பூண்டும் ஒரே நேரத்தில் பேசிக்கொண்டிருக்கும். இலையின் குரல் அடியில் இருக்கும். அதைத் தனியாகக் கேட்க ஒரு வழி இருக்கிறது. ஒரே அளவு அரிசியை இரண்டு சிறு பாத்திரங்களில் வேகவையுங்கள். இரண்டிலும் உப்பு, அரைத் தேக்கரண்டி நெய். ஒன்றில் மட்டும் நல்ல பிரிஞ்சி இலை ஒன்றை நெய்யில் வாட்டிப் போடுங்கள். வெந்ததும் இரண்டு மூடிகளையும் திறந்து முகர்ந்து பாருங்கள். இலை போட்ட சோற்றில் பட்டையின் சாயலில் ஒரு மெல்லிய வெதுவெதுப்பும், கூடவே காய்ந்த புல்லின் வாசனை போன்ற ஒன்றும் இருக்கும். மற்றதில் வெறும் சோற்று மணம்தான். ஒரு முறை மூக்குக்குப் பழகிவிட்டால், அதன் பிறகு குருமாவிலும் அதைக் கண்டுகொள்ள முடியும்.

இந்தச் சோதனையிலும் ஒன்றும் தெரியவில்லை என்றால் உங்கள் இலை செத்துவிட்டது என்று பொருள். பல வீடுகளில் நடப்பது இதுதான். மூன்று வருடத்துக்கு முன் வாங்கிய இலையைப் போட்டுவிட்டு, இந்த இலையே வீண் என்று முடிவுகட்டி விடுகிறோம்.

பிரிஞ்சி இலையும் வெளிநாட்டுச் சமையல் குறிப்புகளில் வரும் "பே லீஃப்"பும் ஒன்றா?

இல்லை. இந்தப் பக்கத்தில் நீங்கள் ஒரு பதிலை மட்டும் படிப்பதாக இருந்தால் இதைப் படியுங்கள்.

நம் கடைகளில் கிடைப்பது பட்டை மரத்தின் உறவு. தாவரவியலில் சின்னமோமம் தமாலா என்பார்கள். இந்தியில் தேஜ்பத்தா. இலை நீளமானது, ஒரு சாண் நீளம் வரைகூட வரும். திருப்பிப் பிடித்துப் பார்த்தால் காம்பிலிருந்து நுனி வரை மூன்று நரம்புகள் நெடுக ஓடும். கசக்கினால் பட்டையும் கிராம்பும் கலந்த வாசனை. பட்டைக்கு மணம் தரும் சின்னமால்டிஹைடும் கிராம்புக்கு மணம் தரும் யூஜினாலும் இதிலும் இருப்பதே காரணம். மரம் வளரும் இடத்தைப் பொறுத்து இரண்டில் ஒன்று மேலோங்கும். ஒரு கடை இலை பட்டைபோலவும் இன்னொரு கடை இலை கிராம்புபோலவும் மணப்பது இதனால்தான்.

ஐரோப்பியச் சமையலின் பே லீஃப் வேறு மரம்: லாரஸ் நோபிலிஸ். லாரல் என்றும் சொல்வார்கள். மத்தியதரைக் கடலோர நாடுகளுக்கு உரியது. உலகச் சந்தைக்கு அதிகமாகத் துருக்கியிலிருந்து போகிறது. பண்டைய கிரேக்கர்கள் அப்போலோ தெய்வத்துக்கு உரியதாகக் கருதி, டெல்ஃபியில் நடந்த போட்டிகளில் வென்றவர்களுக்குச் சூட்டிய மாலை இந்த இலையில் கட்டியதுதான். இலை சிறியது, ஒரு விரல் நீளம். நடுவில் ஒரே நரம்பு, அதிலிருந்து பக்கவாட்டில் கிளை நரம்புகள். முகர்ந்தால் யூகலிப்டஸ் தைலம் நினைவுக்கு வரும். அந்தத் தைலத்தின் முக்கியப் பொருளான சினியோல்தான் இதிலும் முதன்மையானது.

இரண்டும் ஒரே தாவரக் குடும்பம். பங்காளிகள்தானே தவிர இரட்டையர் அல்ல. மூன்று நரம்பா, ஒரு நரம்பா என்று பார்த்தால் போதும், குழப்பம் தீர்ந்துவிடும்.

நான் லண்டனில் இருக்கிறேன். சூப்பர்மார்க்கெட்டில் ஒற்றை நரம்பு இலைதான் கிடைக்கிறது. குருமாவுக்கு அதைப் போடலாமா?

போடலாம், கெட்டுப்போகாது. ஆனால் மணம் வேறு திசையில் போகும். கொஞ்சம் மருந்துச் சாயல் தட்டும். நான் சொல்வது: லாரல் இலையை விட்டுவிட்டு, வழக்கமாகப் போடும் பட்டையோடு இன்னொரு சிறு துண்டைச் சேர்த்துக்கொள்ளுங்கள். நம் குருமாவுக்கு அதுவே நெருக்கம். இந்திய, இலங்கைக் கடைகள் உள்ள பகுதிக்குப் போகும்போது மூன்று நரம்பு இலையை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

மறுபக்கமும் சொல்ல வேண்டும். இத்தாலிய தக்காளிச் சாறு, பிரெஞ்சு வெள்ளைச் சாறு, பிலிப்பைன்ஸின் அடோபோ ஆகியவற்றைச் செய்யும்போது நம் பிரிஞ்சி இலையைப் போட்டால் அவற்றுக்குத் தேவையில்லாத பட்டை வாசனை வந்துவிடும். அங்கே ஒற்றை நரம்பு இலைதான் சரி.

"பிரிஞ்சி" என்ற பெயர் எங்கிருந்து வந்தது?

பாரசீக மொழியில் அரிசிக்கு "பிரிஞ்ச்" என்று பெயர். தேங்காய்ப்பாலும் காய்கறியும் சேர்த்துச் சென்னைப் பக்கம் செய்யும் பிரிஞ்சி சாதத்தின் பெயரில் அந்தச் சொல்லின் ஒலி அப்படியே கேட்கிறது. அந்தச் சோற்றுக்குப் போடும் இலை பிரிஞ்சி இலை. பிரியாணிக்குப் போடுவதால் பிரியாணி இலை. நாட்டு மருந்துக் கடையில் இலவங்கப்பத்திரி என்று கேட்க வேண்டும். தாளிசபத்திரி என்று கேட்டுவிடாதீர்கள், அது வேறு சரக்கு.

இதற்கு இன்னும் பழைய பெயர் ஒன்று உண்டு. வடமொழியில் தமாலபத்திரம். கிரேக்கர்கள் இந்தச் சொல்லைக் கேட்டபோது முதலில் இருந்த "த" என்ற எழுத்தைத் தங்கள் மொழியில் பெயர்களுக்கு முன்னால் வரும் சொல்லுருபு என்று எண்ணிக்கொண்டு, மீதியை மட்டும் "மாலபத்ரோன்" என்று எடுத்துக்கொண்டார்கள் என்பது மொழியறிஞர்கள் தரும் விளக்கம். கி.பி. முதல் நூற்றாண்டில் எழுதப்பட்ட கிரேக்கக் கடல்வழிக் குறிப்பான பெரிப்ளூஸ், முசிறி, நெல்கிந்தா துறைகளிலிருந்து மேற்கே போன சரக்குகளில் மிளகோடு இந்த மாலபத்ரோனையும் சேர்த்துச் சொல்கிறது. நம் சங்கப் பாடல்களில் "பொன்னொடு வந்து கறியொடு பெயரும்" கலங்கள் வந்த அதே முசிறிதான். ரோமானியர்கள் அதை வாசனைத் தைலத்துக்கும் சமையலுக்கும் பயன்படுத்தினார்கள். இன்று நாம் தட்டோரத்தில் ஒதுக்கும் இலை கடல் தாண்டிப் பொன்னுக்கு விற்றிருக்கிறது.

இது எங்கே விளைகிறது?

இமயமலையின் அடிவாரங்களிலும் நடுத்தர உயரங்களிலும். உத்தராகண்ட், சிக்கிம், மேகாலயாவின் காசி, ஜெயின்டியா மலைகள், நேபாளம். உத்தராகண்ட் தேஜ்பத்தாவுக்கு 2016-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. மழை ஓய்ந்த அக்டோபர் முதல் மார்ச் வரை கிளைகளை வெட்டி, காயவைத்து, இலைகளைக் கட்டுக்கட்டாகச் சந்தைக்கு அனுப்புகிறார்கள். எனவே கோடையின் தொடக்கத்தில் கடைக்கு வரும் இலை பெரும்பாலும் புதியது. ஒரு வருடத்துக்கு வேண்டியதை அப்போது வாங்கிவிடுவது என் பழக்கம்.

நல்ல இலையை எப்படித் தேர்ந்தெடுப்பது?

முதலில் நிறம். லேசான பச்சை படிந்த பழுப்பு நல்லது. முழுக்கப் பழுத்த சருகு நிறமாக இருந்தால் வேண்டாம். ஓரிரு இலை உடைந்திருப்பதில் தவறில்லை. பாக்கெட்டின் அடியில் பாதி தூளாகக் கிடந்தால் அது பல கை மாறி வந்த சரக்கு. வெள்ளைப் பூஞ்சணம், சிலந்தி வலை போன்ற நூல், சிறு துளைகள் இருந்தால் கண்டிப்பாக வாங்காதீர்கள்.

கடைசித் தீர்ப்பு மூக்குடையது. சில்லறையாக விற்கும் கடையாக இருந்தால் ஓர் இலையை ஒடித்து, ஒடித்த இடத்தை முகருங்கள். பட்டை வாசனை சட்டென்று எழ வேண்டும். பட்டை இனத்தில் வேறு மரங்களின் இலைகளுக்கும் மூன்று நரம்பு உண்டு. அவையும் கலந்து வரும். மணம் இல்லாத இலைக்கு எத்தனை நரம்பு இருந்தால் என்ன?

எத்தனை நாள் வைத்திருக்கலாம்?

காற்றுப் புகாத கண்ணாடிப் புட்டியில், அடுப்புக்குத் தள்ளி, வெளிச்சம் படாத இடத்தில் ஒரு வருடம். உறைநிலைப் பெட்டியில் அதற்கு மேலும் தாங்கும். அடுப்புக்கு நேர் மேலே உள்ள தட்டில் பிளாஸ்டிக் கவரைப் பாதி திறந்தபடி வைத்திருந்தால் சில மாதங்களிலேயே மணம் போய்விடும். கெட்டு நாற்றம் அடிக்காது என்பதால் நமக்குத் தெரிவதில்லை, அவ்வளவுதான்.

இலையைக் கழுவி வைக்கக் கூடாது. ஈரம் பட்டால் பூஞ்சணம் பிடிக்கும். போடுவதற்கு முன் ஈரத் துணியால் இருபுறமும் துடையுங்கள். மலைக்காட்டிலிருந்து தரையில் உலர்ந்து வருகிற இலை, மண் இருக்கத்தான் செய்யும்.

எப்போது போட வேண்டும், எண்ணெயிலா தண்ணீரிலா?

என் அனுபவத்தில் இந்த இலைக்கு நடக்கும் பெரிய அநியாயம் இங்கேதான். கறிவேப்பிலையைப்போலக் கடைசியில் தூவுகிறவர்கள் இருக்கிறார்கள். கறிவேப்பிலை எண்ணெயில் விழுந்த கணமே வாசனையைக் கொட்டிவிடும். பிரிஞ்சி இலையின் தோல் தடிப்பு. மெழுகு பூசியதுபோல் இருக்கும். உள்ளே இருக்கும் வாசனை எண்ணெய் வெளியே வர நேரம் வேண்டும், கொழுப்பும் வேண்டும்.

ஆகவே எண்ணெயோ நெய்யோ மிதமாகக் காய்ந்ததும் முதல் ஆளாக இலையைப் போடுங்கள். ஓரத்தில் சிறு குமிழிகள் எழும். இருபது முப்பது விநாடியில் இலையின் நிறம் சற்று மாறி மணம் வரும். அப்போது பட்டை, கிராம்பு, பிறகு வெங்காயம். புகையும் அளவுக்குக் காய்ந்த எண்ணெயில் போட்டால் இலை கருகிக் கசப்பு இறங்கும். அந்தக் கசப்பைப் பிறகு எதைப் போட்டும் எடுக்க முடியாது. கருகினால் தயங்காமல் எண்ணெயோடு கொட்டிவிட்டு மறுபடி தொடங்குங்கள். இரண்டு கரண்டி எண்ணெய்க்காக ஒரு சட்டிக் குருமாவை இழக்க வேண்டாம்.

அரிசியை வடித்துத் தம் போடும் முறையில் உலைத்தண்ணீரிலும் ஓர் இலை போடலாம். தண்ணீர் கொதிக்கத் தொடங்கும் முன்பே போட்டுவிடுங்கள். அரிசி போடும்போது சேர்த்தால் ஏழெட்டு நிமிடத்தில் வடித்துவிடுவோம், அந்த நேரம் இலைக்குப் போதாது.

குறைந்தது இருபது நிமிடம் கொதிக்கும் எதற்கும் இந்த இலை பொருந்தும். ஐந்து நிமிடத்தில் முடியும் வதக்கலுக்குப் பொருந்தாது.

எத்தனை இலை?

ஒரு டம்ளர் அரிசிக்கு நடுத்தர இலை ஒன்று. ஒரு கிலோ பிரியாணிக்கு மூன்று அல்லது நான்கு. நான்கு பேருக்கான குருமாவுக்கு ஒன்று. அதற்கு மேல் போனால் காரலும் துவர்ப்பும் தலைதூக்கும்.

குக்கரில் போடலாமா?

தாராளமாக. மூடிய பாத்திரத்தில் மணம் ஆவியோடு ஓடிவிடாது. முழு இலையாகவோ குறுக்கே இரண்டாக ஒடித்தோ போடுங்கள். சிறு துண்டுகளாக நொறுக்கிப் போடாதீர்கள். ஏன் என்பது கீழே வருகிறது.

சாம்பார், ரசம், புளிக்குழம்பு?

வேண்டாம். பெருங்காயமும் புளியும் கறிவேப்பிலையும் ஆளும் இடத்தில் பட்டை வாசனை வழிதவறி வந்த விருந்தாளிபோல் நிற்கும். சொல்லப்போனால் சாம்பாரில் யாராவது இதைப் போட்டால் எனக்கு மனம் கேட்பதில்லை. ஆனால் புளியில்லாத பருப்பு வேறு. துவரையோ கடலைப்பருப்போ வேகும்போது ஓர் இலை போட்டு, மேலே நெய்யில் சீரகம் தாளித்துச் சப்பாத்தியோடு சாப்பிட்டுப் பாருங்கள்.

ஆட்டுக்கறி, கோழி, மீன்?

ஆட்டுக்கறிக்கு மிக நல்லது. கறியை மஞ்சள், உப்பு, இஞ்சித் துண்டு, ஓர் இலையோடு வேகவைத்தால் கவிச்சி அடங்கும். அந்தச் சாறு சால்னாவுக்கும் ஆகும். கோழி சீக்கிரம் வேகும், ஆகவே இலையை எண்ணெயிலேயே நன்றாக வாட்டிவிட வேண்டும். நம் புளி சேர்த்த மீன் குழம்புக்கு இது தேவையே இல்லை.

இலையைப் பொடித்துப் போடலாமா?

போடலாம். இலையின் முழுப் பயனும் கிடைப்பதோடு, தட்டில் ஒதுக்கவும் ஒன்றும் இருக்காது. நடுநரம்பைக் கிள்ளி எடுத்துவிடுங்கள், அது நார். இலையை வெறும் வாணலியில் மிகச் சிறு தீயில் மொறுமொறுப்பாகும் வரை சூடு காட்டி, ஆறியதும் அரைத்து, மெல்லிய சல்லடையில் சலித்துக்கொள்ளுங்கள். கரம் மசாலா அரைக்கும்போது நூறு கிராம் மல்லிக்கு இரண்டு மூன்று இலை போதும். பொடியின் மணம் வேகமாகப் போகும். ஒரு மாதத்துக்கு வேண்டியதை மட்டும் அரையுங்கள்.

தவறி விழுங்கிவிட்டால் விஷமா?

பிரிஞ்சி இலையும் லாரல் இலையும் விஷமல்ல. இந்த அச்சம் லாரல் என்ற பெயரைச் சுமக்கும் வேறு சில செடிகளால் வந்தது. மேலைநாடுகளில் வேலிக்கு வளர்க்கும் செர்ரி லாரலும், மவுண்டன் லாரல் என்ற பூச்செடியும் உண்மையிலேயே நச்சுத்தன்மை உள்ளவை. ஆகவே வெளிநாட்டில் பூங்காவிலோ பக்கத்து வீட்டு வேலியிலோ பறித்த இலையைச் சமையலுக்குப் போடாதீர்கள்.

ஆனால் ஆபத்தே இல்லை என்று சொல்லமாட்டேன். ஒரு மணி நேரம் கொதித்தாலும் இந்த இலை மெத்தென்று ஆகாது. விறைப்பாக, ஓரம் கூர்மையாகவே இருக்கும், குடலில் செரிக்காது. தொண்டையில் சிக்கியும் குடலைக் கிழித்தும் மருத்துவமனை வரை போன நிகழ்வுகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. குழந்தைகளும் பல்செட் அணிந்த பெரியவர்களும் இருக்கும் வீட்டில் இதை அலட்சியமாக விடக்கூடாது.

என் அம்மா பரிமாறும் முன் "எத்தனை போட்டாய்?" என்று கேட்பார். மூன்று போட்டால் மூன்றும் வெளியே வந்தாக வேண்டும். இரண்டரை இலை கையில் இருந்தால் மீதி அரையைத் தேடிய பிறகுதான் பந்தி. நொறுக்கிப் போடாதீர்கள் என்று மேலே சொன்னதும் இதற்காகத்தான். விருந்துக்குப் பெரிய அளவில் சமைக்கும்போது இலைகளை மெல்லிய துணியில் முடிந்து போட்டு, முடிச்சை அப்படியே எடுத்துவிடலாம்.

இலையைக் கொதிக்கவைத்துக் குடித்தால் சர்க்கரை குறையும் என்கிறார்களே?

இந்தப் பேச்சுக்கு ஓர் அடிப்படை இருக்கிறது. 2009-இல் வெளியான ஓர் ஆய்வில், இரண்டாம் வகை நீரிழிவு உள்ள 40 பேரைப் பிரித்து, ஒரு பகுதியினருக்கு நாளொன்றுக்கு 1 முதல் 3 கிராம் வரை பே லீஃப் எனப்படும் லாரல் இலைப்பொடியை 30 நாள் கொடுத்தார்கள். அவர்களுக்குச் சர்க்கரை அளவும் கொழுப்பும் குறைந்தன. நம்பிக்கை தரும் செய்திதான். ஆனால் நாற்பதே பேர், ஒரே மாதம். அதை வைத்து மாத்திரையை நிறுத்துவது உயிரோடு விளையாடுவது. மாத்திரையோடு சேர்த்துத் தினமும் குடிப்பதாக இருந்தாலும் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். சர்க்கரை தாழ்ந்துபோனால் காரணம் அவருக்குத் தெரிய வேண்டும். கர்ப்பிணிகள் சமையலில் போடும் அளவோடு நின்றுகொள்வது நல்லது, கஷாயம் வேண்டாம்.

மருந்தாக அல்லாமல் சும்மா தேநீருக்கு என்றால்: இரண்டு டம்ளர் தண்ணீரில் ஓர் இலை, சிறு துண்டு இஞ்சி, ஐந்து நிமிடக் கொதி, வடிகட்டி வெல்லம். மழை நாளில் இதமாக இருக்கும்.

அரிசி டப்பாவில் போட்டால் வண்டு வராதா?

ஓரளவு. பொறுமையாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதை நம்பி மூட்டை மூட்டையாக அரிசியைப் பாழாக்கியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

பெண் வண்டு அரிசி மணியில் துளையிட்டு, உள்ளே முட்டை வைத்து, துளையை அடைத்துவிடும். புழு அந்த மணிக்குள்ளேயே தின்று வளர்ந்து, ஏறக்குறைய ஒரு மாதத்தில் வண்டாக வெளியே வரும். அதாவது கடையிலிருந்து வாங்கி வரும்போதே அரிசிக்குள் முட்டை இருக்கலாம். இலையின் வாசனை அந்த மணிக்குள் போய் அதைக் கொல்லாது. ஆய்வுக்கூடங்களில் இந்த இலைகளின் எண்ணெயைப் பிரித்தெடுத்துச் செறிவாகப் பயன்படுத்தினால் வண்டு விலகுகிறது, சாகவும் செய்கிறது. ஆனால் டப்பாவில் போடும் நான்கு காய்ந்த இலைக்கு அந்த வீரியம் கிடையாது.

எனவே வரிசை இப்படி இருக்கட்டும். கொஞ்சமாக வாங்குங்கள். மாவு, ரவை, பயறு போன்றவற்றை உறைநிலைப் பெட்டியில் நான்கு நாள் வைத்தால் முட்டையும் சாகும். எடுத்தவுடன் திறக்காமல், அறை வெப்பத்துக்கு வந்தபின் திறந்தால் ஈரம் கோக்காது. பழைய அரிசி தீர்ந்ததும் டப்பாவைக் கழுவி வெயிலில் காயவைத்த பிறகே புதியதைக் கொட்டுங்கள். மூடி இறுக்கமாக இருக்கட்டும். இவ்வளவும் செய்த பிறகு, ஐந்து கிலோவுக்கு ஐந்தாறு இலை போடுங்கள், இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். வெளியிலிருந்து வரும் பூச்சியைத் தயங்கவைக்க அது உதவும். வசம்பும் காய்ந்த வேப்பிலையும் நம் வீடுகளில் இதே வேலைக்கு வெகுகாலமாக இருப்பவை. மத்தியதரைக் கடல் நாடுகளில் உலர்ந்த அத்திப்பழத்தை அடுக்கும்போது இடையிடையே லாரல் இலை வைக்கும் வழக்கமும் இதற்கு இணையானதுதான்.

கரப்பான்பூச்சி, கொசு, புத்தகத்தில் ராமபாணம்?

கரப்பானைச் சினியோல் விலக்கும். அது அதிகம் இருப்பது லாரல் இலையில். நம் பிரிஞ்சி இலையை அலமாரி மூலையில் வைத்துவிட்டுக் கரப்பான் போய்விடும் என்று காத்திருக்காதீர்கள். இரவில் தொட்டியில் எச்சில் பாத்திரம் இல்லாமலும் குழாய் சொட்டாமலும் பார்த்துக்கொள்வதற்கு ஈடான இலை எதுவும் இல்லை. டெங்கு பரப்பும் கொசு பகலில் கடிப்பது. மாலையில் இலை புகைத்து அதைத் தடுக்க முடியாது. தேங்கிய தண்ணீரைக் கொட்டுங்கள்.

ராமபாணத்துக்கு ஈரம் வேண்டும். புத்தக அலமாரியைக் காற்றோட்டமாக வைப்பதே மருந்து. இலையைத் தாள்களுக்கு நடுவே செருகினால் எண்ணெய்க் கறை படியும்.

பட்டுப்புடவைக்கு நடுவே வைக்கலாமா?

நேரடியாக வைக்காதீர்கள், அதே கறைதான் காரணம். ஏழெட்டு இலையை வெள்ளைப் பருத்தித் துணியில் முடிந்து அலமாரி ஓரத்தில் வையுங்கள். பாச்சை உருண்டையின் நெடி பிடிக்காதவர்களுக்கு இது மனதுக்கு இதமான வாசனை. ஆனால் அதன் வீரியத்தை எதிர்பார்க்க வேண்டாம். புடவையை மூன்று மாதத்துக்கு ஒருமுறை மடிப்பு மாற்றி நிழலில் காற்றாட விடுவதை நிறுத்தாதீர்கள்.

இலையை எரித்தால் மன அழுத்தம் போகும், விருப்பத்தை எழுதி எரித்தால் நிறைவேறும் என்கிறார்கள்.

நம்பிக்கை அவரவருடையது, அதில் நான் நுழையவில்லை. வாசனை மனதைத் தணிக்கும் என்பதும் உண்மை. ஆனால் எந்த இலையை எரித்தாலும் வருவது புகை. ஆஸ்துமா உள்ளவர், கைக்குழந்தை, வயதானவர் இருக்கும் அறையில் வேண்டாம். எரிப்பதானால் மண் அகலில், சன்னலைத் திறந்து, திரைச்சீலைக்கும் சமையல் எரிவாயுவுக்கும் தள்ளி, முழுக்க அணையும் வரை பக்கத்திலேயே இருந்து எரியுங்கள்.

மீன் பொரித்த வாடை போக வேண்டும் என்றால் எரிப்பதைவிடக் கொதிக்கவைப்பது மேல். ஒரு சட்டித் தண்ணீரில் இரண்டு பழைய இலை, பிழிந்த எலுமிச்சைத் தோல், ஒரு துண்டுப் பட்டை போட்டு, மூடாமல் பத்து நிமிடம் சிறு தீயில் வையுங்கள். மணம் தேய்ந்த இலைகளை நான் இதற்கென்றே தனி டப்பாவில் போட்டு வைக்கிறேன்.

தலைமுடிக்கு, முகத்துக்கு?

லாரல் இலை சிலருக்குத் தோலில் ஒவ்வாமை உண்டாக்கும். எந்த இலையாக இருந்தாலும் முழங்கையின் உட்புறத்தில் ஒரு நாள் வைத்துப் பார்க்காமல் தலைக்கு ஊற்றாதீர்கள். சிரியாவின் அலெப்போ நகரில் லாரல் பழத்தின் எண்ணெயும் ஆலிவ் எண்ணெயும் சேர்த்துக் காய்ச்சும் சோப்பு உலகப் புகழ் பெற்றது. அந்தக் கைத்தொழிலை யுனெஸ்கோ 2024-இல் தன் மரபுப் பட்டியலில் சேர்த்தது. அது பழத்திலிருந்து எடுப்பது, இலையைக் கொதிக்கவைத்த தண்ணீர் அல்ல.

தொட்டியில் வளர்க்க முடியுமா?

மலைப்பகுதியில் முடியும். சமவெளியின் வெக்கையில் மரம் ஏங்கிப்போகும். "பிரியாணி இலைச் செடி" என்று நாற்றுப் பண்ணைகளில் விற்பது பல நேரம் சர்வசுகந்தி எனப்படும் ஆல்ஸ்பைஸ். அதன் இலையும் பிரியாணிக்கு நன்றாக மணக்கும். கேரளத்தில் அப்படிப் பயன்படுத்துகிறார்கள். மூன்று நரம்பு இருக்காது, அதை வைத்து அறிந்துகொள்ளலாம். இலையைப் பறித்தால் நிழலில் உலர்த்துங்கள்.

பச்சை இலையில் சமைக்கும் வழக்கம் உண்டா?

உண்டு, அதுவும் நம் கன்னியாகுமரி மாவட்டத்தில். திருக்கார்த்திகைக்குத் தெரளி கொழுக்கட்டை அவிப்பார்கள். பட்டை இனத்து மரம் ஒன்றின் பச்சை இலையைக் கூம்பாகச் சுருட்டி, அரிசி மாவு, கருப்பட்டி, தேங்காய், ஏலக்காய் பிசைந்த மாவை உள்ளே வைத்து ஆவியில் அவிப்பது. இலையின் மணம் முழுக்க மாவில் ஏறிவிடும். கேரளத்தில் இதே இலையை வயண இலை என்று அழைத்து, பலாப்பழம் சேர்த்துக் கும்பிளப்பம் செய்கிறார்கள். காய்ந்த இலையை மட்டும் அறிந்தவர்கள் ஒரு முறையாவது இதைச் சாப்பிட வேண்டும்.

நாய், பூனை இருக்கும் வீட்டில்?

எட்டாத இடத்தில் வையுங்கள். லாரல் இலை அவற்றுக்கு ஒத்துக்கொள்ளாது. எலும்போடு இலையையும் சேர்த்துப் போட்டுவிடாதீர்கள்.

இனிப்பில் போடலாமா?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. வங்காளிகள் பாயேஷ் என்னும் அரிசிப் பாயசத்தில் தேஜ்பாதா போடாமல் இருக்கமாட்டார்கள். நம் பால் பாயசத்துக்கும் அது அழகாகப் பொருந்துகிறது. ஒரு லிட்டர் பாலை அடிகனமான பாத்திரத்தில் வைத்து, ஓர் இலையைத் துடைத்துப் பாலிலேயே போட்டுக் காய்ச்சுங்கள். ஒரு கைப்பிடி பச்சரிசியைக் கழுவி, சிறிது நெய்யில் பிசிறிப் பாலில் சேர்த்து, அடிபிடிக்காமல் கிளறியபடி குழைய வேகவிடுங்கள். பால் முக்கால் பங்காகச் சுண்டும்போது அதன் நிறத்தோடு மணமும் மாறியிருக்கும். ஏலக்காய் போடாமலேயே பட்டையின் மெல்லிய சாயல் பாலில் நிற்கும். அப்போது சர்க்கரை சேர்த்து ஒரு கொதி வந்ததும் இறக்குங்கள். முந்திரியை வறுத்துக் கொட்டும் முன் இலையை எடுத்துவிடுங்கள்.